நீர் போகும் வழி

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியினின்றும் உள்நோக்கிப் பிரியும் ஒழுங்கை ஒன்றிலே, என் பாட்டனார் வாங்கி என் தந்தையார் பேணி நாங்கள் இன்றும் குடியிருக்கும் வீடு, வீதி முகப்பில் அகலம் குறைந்தும் உள்ளே நெடுந்தூரம் நீண்டும் செல்லும் அந்தக் காலத்துக் கொழும்பு வீடுகளின் ஜாதியைச் சேர்ந்தது. செம்புறைக் கல்லால் எழுப்பிச் சுண்ணாம்புக் காறை பூசிய தடித்த சுவர்களும், அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரத்தில் அரைவட்ட ஓடு வேய்ந்த கூரையும், கதவுகளின் தலைக்கு மேலே மரத்திற் கடைந்து பொருத்திய காற்றுத் துவாரங்களும், எல்லாவற்றுக்கும் மத்தியில் ஆகாயத்தைப் பார்த்துத் திறந்து கிடந்த முற்றமும் அதன் அங்கங்கள். துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் காற்று விறாந்தையில் ஏறி, கூடத்தைக் கடந்து, அறைகளின் உஷ்ணத்தை அள்ளிக்கொண்டு முற்றத்தின் வழியே மேலே போய்விடும். மழைநீரோ நான்கு பக்கத்துப் பீலிகளாலும் அதே முற்றத்தில் இறங்கி, கருங்கல் பாவிய சிறு கான் ஒன்றினூடாகக் கூடத்துத் தரைக்குக் கீழே ஓடி, ஒழுங்கைக் கானிலே கலந்துவிடும். வெப்பம் போக ஒரு வழி, நீர் போக ஒரு வழி என்று இரண்டையும் முதலிலேயே தீர்மானித்துவிட்டு, அதன் பின்னரே அறைகளை வகுத்த அந்தப் பெயர் தெரியாத மேசன்மாரை, கடந்த சில ஆண்டுகளாக நான் நன்றியோடு அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நம்மூரின் சீதோஷ்ணத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். கொழும்பிலே வருஷம் முழுவதையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வெப்பம் 27 பாகையை ஒட்டியே நிற்கும். யாழ்ப்பாணத்து வெயிலையும் மதுரை வெயிலையும் அனுபவித்தவர்களுக்கு இது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் இந்தக் கடற்கரையிலே மனித சரீரத்தை வாட்டுவது உஷ்ணத்தைக் காட்டிலும் ஈரமே. உப்புச் சாடியில் உப்பு நீர்விட்டுப் போவதும், அலுமாரியில் தொங்கும் சட்டையின் கழுத்துப் பட்டியில் பூஞ்சணம் படர்வதும், சித்திரை மாதத்து இரவிலே விசிறியின் கீழே படுத்திருந்தாலும் வியர்வை உலராமல் பாயோடு முதுகு ஒட்டிக்கொள்வதும் எங்களுக்கு நித்திய அனுபவங்கள். சிறு பிராயத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தந்தையார் எங்களைக் கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போவார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1907 ஆம் ஆண்டு முதல் 1912 வரை முழுவதும் கருங்கல்லிலேயே எடுப்பித்த திருப்பணி அது. பக்தி இன்னதென்று அறியாத அந்த வயதிலே, உள்ளே கால் வைத்தவுடன் பாதத்தின் வழியே உடலெங்கும் ஏறிய கல்லின் குளிர்ச்சிக்காகவே நான் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருப்பேன்.

எங்கள் வீட்டின் முற்றம் பின்னாளில் எவ்வாறு மூடப்பட்டது என்பது எங்கள் குடும்பத்தின் கதை மட்டுமன்று. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் கொட்டாஞ்சேனையை விட்டுக் கப்பலேறியவர்களும் விமானமேறியவர்களும் எத்தனையோ பேர். அடுத்த பத்தாண்டிலே, யுத்தத்தின் காரணமாக வடக்கிலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அறை அறையாக வாடகைக்குப் பிடித்துத் தங்கியவர்களும் எத்தனையோ பேர். நிலத்தின் விலை ஏறியது. உறவுகளுக்குள்ளே பாகப் பிரிவினைகள் நடந்தன. அகலத்துக்கு இடமில்லாத காரணத்தால் வீடுகள் உயரத்துக்கு வளர்ந்தன. எங்கள் வீட்டின் பின்பாதி ஒரு பங்காளியின் பாகத்திற் சேர்ந்து, அவர் கனடாவுக்குப் போகும்போது அந்நியர் ஒருவருக்கு விற்கப்பட்டு, அவர் கையில் மூன்று தட்டு மாடியாக எழும்பிற்று. முன்பாதியாகிய எங்கள் பங்கிலும் ஓடு நீங்கிக் கொங்கிறீற்றுத் தட்டு வந்தது. நடு முற்றமோ, இரண்டு பாகத்துக்கும் பொதுவாக, ஒரு மனிதன் கையை விரித்தால் இரு சுவரையும் தொடக்கூடிய ஒரு வெளிச்சக் குழியாகச் சுருங்கிவிட்டது. காற்று போகும் வழியும் நீர் போகும் வழியும் ஒருங்கே அடைபட்டன. அந்த நஷ்டத்தை அன்று எவரும் கணக்கெடுக்கவில்லை. அறையின் எண்ணிக்கைக்கே அன்று மதிப்பு.

2014 ஆம் ஆண்டிலே, எண்பது வயதைக் கடந்திருந்த என் தாயாருக்குச் சுவாசம் மிகவும் சிரமமாயிற்று. இரவு முழுவதும் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், புழுக்கம் தாளாமல் விசிறியைத் தம் பக்கம் திருப்பச் சொல்வார், திருப்பினால் இருமுவார். வைத்தியரும் சொல்லி, பிள்ளைகள் எல்லோரும் கூடி யோசித்து, அவருடைய அறைக்குக் குளிர் யந்திரம் ஒன்று பூட்டுவதென்று முடிவாயிற்று. 9,000 பி.ரி.யூ. கொண்டது, அதாவது முக்கால் தொன். ஒரு தொன் பனிக்கட்டியை ஒரு நாளிலே உருக்குவதற்கு வேண்டிய வெப்பத்தை எடுக்க வல்ல யந்திரத்துக்கு ஒரு தொன் என்று பழைய ஐஸ் வியாபாரிகளின் காலத்திலிருந்து வழங்கிவரும் கணக்கு அது. பூட்ட வந்த கம்பனியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. வந்த பையன்கள் சுறுசுறுப்பானவர்கள். பொழுது சாய்வதற்கு முன்னர் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வெளிச்சுவர் ஒன்று இருக்கவும், கட்டிலுக்கு மேலேயுள்ள நடுச்சுவரிலே உள்யந்திரத்தை மாட்டினார்கள். செப்புக் குழாய் குறைவாகச் செலவாகும் என்பதற்காக வெளியந்திரத்தை அந்த வெளிச்சக் குழிக்குள்ளே தொங்கவிட்டார்கள். நீர்க் குழாயைக் கதவின் மேலாகக் கொண்டுபோய், அடுத்த அறையைக் கடந்து, குளியலறையின் கழிவுக் குழாயிலே நேராகச் சொருகினார்கள்.

அன்றிரவு என் தாயார் அநேக மாதங்களுக்குப் பின்னர் நன்றாக உறங்கினார். அந்தக் காட்சியைக் கண்ட எவனும் அந்த யந்திரத்தை ஆடம்பரம் என்று சொல்லத் துணியமாட்டான்.

ஆனால் இந்த யந்திரத்தின் சுபாவத்தை நாம் சரியாக அறிந்துகொள்வதில்லை என்பது என் அபிப்பிராயம். அது குளிரை உற்பத்தி செய்வதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது எதனையும் உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே போடுகிறது, காற்றிலிருக்கும் நீரைப் பிழிந்து கீழே விடுகிறது. அமெரிக்காவிலே வில்லிஸ் காரியர் என்னும் இளம் எஞ்சினியர் 1902 இல் இதன் மூல யந்திரத்தை வகுத்தது மனிதர்களின் சௌகரியத்துக்காக அன்று. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சுக்கூடத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும், வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போயின. அந்த ஈரத்தை அடக்குவதற்காகவே. பிறவியிலேயே ஈரம் வாங்கும் யந்திரமாகிய இது கொழும்பு போன்ற ஊரிலே எவ்வளவு நீரை வெளித்தள்ளும் என்பதை எண்ணிப் பாருங்கள். இங்கே ஒரு கன மீற்றர்க் காற்றிலே ஏறக்குறைய 20 கிராம் நீர் ஆவியாகக் கலந்திருக்கிறது. 23, 24 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பொருளிலும் அது முத்து முத்தாகப் படிந்துவிடும். யந்திரத்தினுள்ளே இருக்கும் செப்புச் சுருளோ 10 பாகையை ஒட்டிக் குளிர்ந்திருக்கிறது. கதவு திறந்து மூடும் ஓர் அறையிலே மணிக்கு ஒரு லீற்றர் நீர் சாதாரணமாக வடியும். விடிவதற்குள் ஒரு வாளி. இத்தனை நீருக்கும் போக்கிடமாக அமைந்திருப்பது ஒரு விரல் பருமனுள்ள குழாய். அதிலே தண்ணீர் தன் பாரத்தால் தானே ஓடவேண்டும்.

மூன்று வகையான துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது, நடுச்சுவரிலே ஈரம். யந்திரத்தின் அடியில் உள்ளங்கை அளவான ஒரு கறையாகத் தோன்றி, வர்ணம் கொப்புளித்து, சில வாரங்களுக்குள் தாயாரின் தலைமாட்டுவரை இறங்கிற்று. கையால் தொட்டால் பழைய சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது. இரண்டாவது, நாற்றம். கழிவுக் குழாயோடு நேரே பொருத்திய காரணத்தால், அதன் துர்வாயு நீர்க் குழாயின் வழியே ஏறி, விசிறி இழுக்கும் இழுப்பிலே நோயாளியின் அறைக்குள்ளேயே வீசலாயிற்று. சுவாசத்தைக் காப்பதற்கு வாங்கிய சாதனம் சுவாசத்துக்கே சத்துருவாயிற்று. மூன்றாவது, நடுப்பகலில் யந்திரம் தானே நின்றுபோவது. பங்குனி சித்திரையில், எப்போது அதன் உதவி அதிகமாக வேண்டியிருந்ததோ அப்போதே அது மௌனமாகிவிடும்.

கம்பனியிலிருந்து வந்தவர்கள் வாயுக் குறைவென்று ஒருமுறை வாயு ஏற்றினார்கள். பிறிதொருமுறை மின்பலகையை மாற்றவேண்டுமென்றார்கள். கறையின் மேல் புதிய வர்ணம் பூசும்படியும் ஒருவர் யோசனை சொன்னார். இறுதியில், முகத்துவாரத்திலிருந்து எங்கள் பகுதிக்கு வேலைக்கு வரும் வயது முதிர்ந்த பைப் பாஸ் ஒருவரையே அழைத்தேன். அவர் குளிர் யந்திரம் படித்தவர் அல்லர். பையிலிருந்து, மேசன்மார் மட்டம் பிடிப்பதற்கு வைத்திருக்கும் கண்ணாடி போன்ற ரியூப்பை எடுத்து, அதிலே நீரை நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றும் இல்லையென்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டார். ஒரு நுனியை என் கையில் தந்து உள்யந்திரத்தின் அடியிலே பிடிக்கச் சொன்னார். மற்றதைத் தாம் குளியலறைச் சுவரிலே பிடித்து, இரண்டிடத்திலும் நீர் நின்ற மட்டத்தைப் பென்சிலால் கோடிட்டு, கோட்டுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள தூரத்தை விரலால் அளந்தார்.

"மாஸ்டர், வந்து பாருங்க. தண்ணி போற வாய் ஒரு விரக்கடை ஒசரத்துல நிக்குது. எப்புடி ஏறிப் போகும்?"

"அப்ப இவ்வளவு நாளும் கொஞ்சமாவது போனதே, பாஸ்?"

"தட்டு நெறைஞ்சு தள்ளினது போயிருக்கும். மிச்சம் செவத்துக்குத்தான். அடிக்குக் கால் அங்குலம் சரிவு குடுக்கணும், மாஸ்டர். இதுல சரிவு மறுபக்கமாக் கிடக்கு."

குழாயைக் கழற்றிச் சாய்த்தபோது, தூசியும் ஈரமும் சேர்ந்து விளைந்த வழுவழுப்பான கபில நிறச் சகதி ஒரு கோப்பை அளவுக்கு இறங்கிற்று. ஓடாத நீரிலே இது விளைந்தே தீரும். ஓடும் நீரிலும் விளையும், ஆனால் தங்குவதில்லை. வெளிச்சக் குழிக்குள்ளே தொங்கிய யந்திரத்தையும் அவர் எட்டிப் பார்த்தார். அந்த யந்திரம் அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியேற்ற வேண்டும். நான்கு பக்கமும் சுவராகவுள்ள குழியிலே வெளியேற்றிய அனல் போக இடமின்றிச் சுற்றி, மறுபடியும் அதன் முதுகின் வழியே உள்ளே இழுக்கப்பட்டது. தான் விட்ட மூச்சையே தான் குடிக்கும் மனிதனைப் போல அது நடுப்பகலில் மூர்ச்சித்ததில் ஆச்சரியம் யாது? வாயுவும் மின்பலகையும் குற்றமற்றவை, இடமே குற்றம்.

உள்யந்திரத்தை வீதிப் பக்கத்து வெளிச்சுவருக்கு மாற்றினோம். வெளியந்திரம் மேல் தட்டுக்குப் போயிற்று. அங்கே துறைமுகத்து உப்புக் காற்று அதன் மெல்லிய தகடுகளை அரிக்கும் என்பதால், மாதந்தோறும் நல்ல தண்ணீரால் கழுவுவதை என் மகன் பொறுப்பேற்றான். செப்புக் குழாய்க்கு அதிகப் பணம் செலவாயிற்று என்பது உண்மை. ஆயினும், தாயார் உயிரோடிருந்த காலம் வரையில் அந்தச் சுவரிலே பிறகு ஒரு துளி இறங்கவில்லை.

எங்கள் அறையின் பிரச்சினை தீர்ந்தபோது பின்வீட்டின் பிரச்சினை ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. பின்பாதி மாடியின் நிழலிலே, தகரம் வேய்ந்த சிறு வீட்டில் ஒரு கத்தோலிக்க மூதாட்டி வசிக்கிறார். புனித லூசியாள் பேராலயத்துக்கு விடியற்காலைப் பூசைக்கு ஒருநாளும் தவறாதவர். அவர் ஒருநாள் மதிலருகே வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "தம்பி, ராவு முழுக்கத் தகரத்துல சொட்டுது. எனக்கு நித்திர வாறதில்ல. மேல உள்ளவங்களுக்கு நீங்க ஒருக்காச் சொல்லுங்க, நான் சொன்னா சண்ட எண்டு நினைப்பாங்க" என்றார். இரண்டாம் தட்டிலே இரு யந்திரங்கள். அவற்றின் நீர்க் குழாய்கள் சுவருக்கு வெளியே ஒரு முழம் நீட்டப்பட்டு அந்தரத்திலே விடப்பட்டிருந்தன. எனக்கு உண்டான கோபத்தை மறைக்க நான் விரும்பவில்லை. ஒருவருடைய நித்திரைக்காக இன்னொருவருடைய நித்திரையைப் பறிப்பதற்கு எந்தச் சட்டம் இடம் கொடுத்தாலும், அயலென்னும் தர்மம் இடம் கொடாது. ஆனால் மேல்வீட்டார் கெட்டவர்களும் அல்லர். வாடகைக்கு இருக்கும் இளங்குடும்பம். பூட்டியவர்கள் "வெளியே விழட்டும்" என்று விட்டுப் போனதை அவர்கள் பார்த்ததேயில்லை. குழாயை உள்ளுக்கு இழுத்து, கொங்கிறீற்றுத் தட்டின்மேல் விடும்படி செய்தார்கள். சத்தம் நின்றது, நீர் நின்றுகொண்டது.

2017 ஆம் ஆண்டு வந்தது. இலங்கை கண்ட டெங்குக் காய்ச்சல்களிலே அதைப் போன்றதொன்று அதற்கு முன் இல்லை. 186,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 400 பேருக்கு மேல் மாண்டார்கள். எங்கள் ஒழுங்கையிலும் பிள்ளைகள் சிலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக ஏறிப் பூச்சாடிகளையும் பீலிகளையும் பார்த்துக்கொண்டு வந்தார். பின்பாதி மாடியின் தட்டுக்கு ஏறியவர், வெளியந்திரத்தின் கீழே, சுவரோரப் பள்ளத்திலே தேங்கியிருந்த நீரை ஒரு வெள்ளைக் கரண்டியால் மொண்டு எங்களுக்குக் காட்டினார். கண்ணீரைப் போலத் தெளிந்த நீர். அதற்குள்ளே நூல் துண்டுகளாக நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. சாக்கடையை நாடாமல் தெளிந்த நீரையே நாடி முட்டையிடும் இனம் இந்த நுளம்பு. ஒருவாரம், பத்து நாளிலே முட்டை சிறகு முளைத்துப் பறக்கும். மழையில்லாத காலத்திலும் நாள்தோறும் புதிய நீரை வார்த்து அதனை நாங்களே வளர்த்து வந்திருக்கிறோம் என்பது அப்போது பிரத்தியட்சமாயிற்று. நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழக்குத் தொடரலாமென்று சொல்லி, எழுத்திலே எச்சரிக்கை தந்து, தவணையும் தந்து போனார் அந்த நல்ல மனிதர்.

இந்தச் சமயத்திலே ஸ்காபறோவிலுள்ள என் தங்கையோடு தொலைபேசியில் பேச நேர்ந்தது. அவள் சிரித்துவிட்டு, "அண்ணை, இங்கயும் இதே கதைதான்" என்றாள். அவர்கள் வீட்டு நிலவறையிலே எரிவாயுவால் எரியும் சூடாக்கி ஒன்று இருக்கிறது. புகையிலுள்ள வெப்பத்தையும் வீணாக்காமல் உறிஞ்சிக்கொள்ளும் புதிய தினுசு அது; அவ்விதம் உறிஞ்சும்போது புகையிலுள்ள ஆவி நீராகி வடிகிறது. வடிகுழாய் வெளிச்சுவரைத் தொட்டு ஓடிய காரணத்தால், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை போன ஓரிரவிலே உள்ளே நீர் உறைந்து, போக்கு அடைபட்டு, யந்திரம் தற்காப்பாக நின்றுவிட்டது. குழந்தைகளை மேலங்கியோடு படுக்க வைத்தார்களாம். சூட்டுக்கும் குளிருக்கும் யந்திரம் வேறு. நீருக்கு வழி விடாத பிழை ஒன்றே.

தவணை முடிவதற்குள், மூன்று வீட்டாரையும் எங்கள் கூடத்திலே கூட்டினேன். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும் என்றார். வீட்டுக்காரர் இருந்ததோ வேறு தேசம். செலவை யார் பொறுப்பது என்பதிலே நீண்ட நேரம் சென்றது. மூதாட்டி தம் பங்குக்குப் பணம் கொடுக்க முன்வந்தபோதுதான் மற்றவர்கள் வெட்கி இசைந்தார்கள். அவரிடம் எவரும் பணம் வாங்கவில்லை. பழைய பைப் பாஸே வந்தார். வெளிச்சக் குழியின் மூலையிலே, தட்டுக்கு மேலே வாய் திறந்த இரண்டங்குலக் குழாய் ஒன்றை நேராக இறக்கி, ஒவ்வொரு தட்டிலும் ஒரு கிளை விட்டு, எல்லா யந்திரங்களின் நீரையும் அதிலே சேர்த்தார். கழிவுக் குழாயோடு எங்கும் சேர்க்கவில்லை. அடியிலே அதனை எங்கே விடுவதென்று சிமெந்துத் தரையைக் கொத்திப் பார்த்தபோது, பழைய கருங்கல் கான், மண் அடைத்திருந்ததன்றி, ஒரு கல்லும் அசையாமல் கிடந்தது. மண்ணை வாரி ஒரு செம்பு நீர் ஊற்றினோம். சற்றே தயங்கி, பிறகு ஒழுங்கைப் பக்கமாக ஓடிற்று. பாஸ் குனிந்து அந்தக் கல்லின் சரிவை ரியூப்பால் பார்க்கவும் செய்தார். "இது சரியா இருக்கு, மாஸ்டர்" என்றார். குழாயின் வாய் கானைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு நிறுத்தப்பட்டது. கானிலுள்ளது எதுவும் மேலே ஏறாதிருப்பதற்கும், நீர் விழுகிறதா என்று கண்ணால் காண்பதற்கும்.

வைகாசி மழைக்கு முன்னர், ஒவ்வோர் ஆண்டும், மேலிருந்து ஒரு வாளி வெந்நீர் ஊற்றிக் குழாயைக் கழுவுகிறோம். மேல்வீட்டுப் பிள்ளை ஊற்ற, கீழே நின்று நீர் வருகிறதென்று குரல் கொடுப்பது பின்வீட்டு மூதாட்டியின் பேரன். ஒழுங்கையின் தலைப்பிலே புதிதாக எழும்பும் தொடர்மாடியில், யந்திரங்களுக்கு மாடந்தோறும் மேடை அமைத்து நீர்க் குழாயைச் சுவருக்குள்ளேயே இறக்கவேண்டுமென்று, ஒழுங்கையார் எல்லோரும் கையெழுத்திட்டுக் கட்டுகிறவர்களுக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம், பதிலை எதிர்பார்க்கிறோம். பின்பாதி மாடியின் மூன்றாம் தட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பதிகள் சென்ற வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். யந்திரம் இன்னும் வாங்கவில்லை, குழாயின் கிளை எந்தச் சுவரிலே இருக்கிறதென்று அறிந்துகொண்டு வாங்கலாமென்று வந்தோம் என்றார்கள். நான் அவர்களோடு படியேறிப் போய், கிளைக்கு அண்மையான வெளிச்சுவரிலே, சரிவுக்கு வேண்டிய உயரத்தையும் விட்டு, பென்சிலால் இடம் குறித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.